மறு: பகுதிச்சொல்லா, சினையா?

வணக்கம் தம்பி,

> மெரோனிம் (ஒன்றின் பாகத்தைக் குறிக்கும் சொல்) = பகுதிச்சொல், ஹோலோனிம் (அந்த முழுமையைக் குறிக்கும் சொல்) = முழுச்சொல் என்று வைப்போமா அண்ணை?

பகுதி வேண்டாம். பகுதி, விகுதி என்று பதம் பிரித்துப் படித்த பிள்ளை 'பகுதிச்சொல்' என்றதும் வினையடியைத்தான் தேடும். சொற்களுக்குக் குறியிட்டு வைக்கிற எங்கள் தொகுப்பிலேயே அந்தக் குறி ஏற்கெனவே இருக்கிறது.

சினை இருக்கும்போது வேறெதற்கு? உறுப்பைக் குறிக்கும் சினைப்பெயர் பள்ளிக்கூடத்திலேயே படித்த சொல். இங்கே சினை என்றால் மீன் முட்டைதானே என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். முழுமைக்குத்தான் இடைஞ்சல். 'முதற்பெயர்', 'முழுப்பெயர்' இரண்டுமே விண்ணப்பப் படிவத்தில் நிரப்புகிற கட்டங்கள். வினைமுதல் போலச் 'சினைமுதல்' என்றால் என்ன?

நான் குறியிட்டுக்கொண்டிருப்பது குளத்துச் செய்திகள். துருசு (மதகு) கட்டின் (கரையின்) சினை, கட்டு குளத்தின் சினை, ஆகவே துருசு குளத்தின் சினை. சங்கிலி ஓடுகிறது. 'முத்தையன்கட்டு வான் பாய்கிறது' என்ற வரி வந்ததும் கை நின்றுவிட்டது. கட்டா வான் பாய்கிறது, அதாவது நிரம்பி வழிகிறது? குளமல்லவா. 'வெற்றிலை நட்டான்' மாதிரி, கட்டின் பெயர் குளத்துக்கே ஆகிவிட்டது. கட்டு என்று கண்ட இடமெல்லாம் சினை என்று குறித்தால் முத்தையன்கட்டுக் குளம் தனக்குத்தானே சினையாகிவிடும். அதனால் ஊர்ப்பெயர், குளப்பெயர்களை ஒரே சொல்லாகக் கட்டி வைத்துவிட்டேன்.

உருபை நம்பியும் பயனில்லை. குளத்தின் கட்டு, குளத்தின் மீன், குளத்தின் பெயர்: மூன்றிலும் அதே 'இன்'. 'குளக்கட்டு' என்று தொகையாக வந்தால் அந்த 'இன்'னும் இல்லை.

இனி மாட்டுக்கு வருவோம். வால் மாட்டின் சினை. மாடு பட்டியில் ஒன்று. அதற்காக வால் பட்டியின் சினையாகுமா? இங்கே சங்கிலி அறுந்துவிடுகிறது. ஆங்கிலச் சொற்களின் உறவுகளைத் தொகுத்த பிரின்ஸ்டன் வேர்ட்நெட்டும் உறுப்பு, குழு, செய்பொருள் (எதனால் ஆனதோ அது) என்று மூன்றாகப் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. நன்னூல் தற்கிழமையை, அதாவது ஒன்றிலிருந்து பிரிக்கமுடியாத உடைமையை, ஐந்தாக்குகிறது: பண்பு, உறுப்பு, ஒன்றன் கூட்டம், பலவின் ஈட்டம், திரிபின் ஆக்கம். பண்பைத் தள்ளிவிட்டால் மற்றது நமக்கென்றே சொன்ன மாதிரி இருக்கிறது. பட்டி ஒன்றன் கூட்டம். ஆகவே சினையுறவு ஒரு குறி, கூட்டவுறவு இன்னொரு குறி. இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போடுவதற்கு நான் உடன்படமாட்டேன்.

கிளிநொச்சியிலிருந்து,
அண்ணை

---

அண்ணை,

சினைமுதல் பிடித்திருக்கிறது, ஏற்றுக்கொள்கிறேன். திரிபின் ஆக்கத்தை மட்டும் இப்போதைக்கு விடுவோம். நெல்லின் பொரி என்கிறோம், சரி, ஆனால் பொரியான பிறகு அதில் நெல் எங்கே இருக்கிறது? செய்பொருள் உறவுக்கு அது பொருந்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரு சந்தேகம். பட்டி கூட்டப்பெயர் என்றால், அதில் நிற்கிற ஒற்றை மாட்டுக்கு என்ன பெயர்? 'உறுப்பு' என்று வைத்தால் திரும்பவும் வாலில்தான் போய் நிற்போம்.