கடல்சார் பண்பாட்டு முதுகலை: களப்பணி எந்த மாசம்?

குளச்சல்காரன்: நேத்து இங்க ஒருத்தர் போட்ட பாடத்திட்டத்துல, "ஏப்ரல் 15 முதல் கன்னியாகுமரி மாவட்டம் முழுக்க மீன்பிடித் தடைக்காலம், மீனவர் சும்மா இருப்பாங்க, களப்பணி மே மாசம்"னு இருக்கு. குளச்சல் இந்த மாவட்டத்துல இல்லையா? ஏப்ரல் 15 - ஜூன் 14 கிழக்குக்கரைச் சின்னமுட்டத்துக்கு. மேற்குக்கரை முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணத்துக்கு ஜூன் 1 - ஜூலை 31.

ஏட்டுச்சுவடி: போட்டது நான்தான். தேதியைப் பிடிச்சுத் தொங்காதீங்க. களப்பணி 4 கிரெடிட், கிரெடிட்டுக்கு 30 மணின்னா 120 மணி. தேர்வு முடிஞ்ச விடுமுறையில்தான் அது அடங்கும்.

குளச்சல்காரன்: மே மாசம் குளச்சலுக்கு வர்ற மாணவன் யார்கிட்ட பேசுவான்? விசைப்படகெல்லாம் கடல்ல கிடக்கும். மேற்குல ஜூன் 1 ஓய், ஜூன் 1! ரெண்டு தடையும் சேர்ந்து இருக்கது 14 நாள். 120 மணியை அதுல திணிச்சா தினம் எட்டரை மணி. பேட்டியைக் கேட்டு எழுத நேரம் எங்க?

தூத்தூரான்: தடை விசைப்படகுக்குத்தான். வள்ளமும் கட்டுமரமும் போகும். "சும்மா இருப்பாங்க"ன்னு எழுதினவரு கரைப்பக்கம் வந்ததே இல்ல.

பாடத்துல கரையடையாளம் வச்சு பார் (கடலுக்கடியில மீன் கூடுற பாறைத்திட்டு) பிடிக்கிற கணக்கைப் பதியணும்னு இருக்குல்லா? கோயில் கோபுரமும் பின்னால மலைமுடியும் ஒரே நேரா வரணும். இன்னொரு பக்கம் வேற ரெண்டு அடையாளம் நேரா வரணும். ரெண்டு கோடும் வெட்டுத இடத்துலதான் பார். ஜூன்ல மலையை மேகம் மூடிரும். கரையில உக்காந்து கேட்டா பாரு பேரு கிடைக்கும், கோடு கிடைக்காது. வள்ளத்துல போய், ஆழத்தைப் பாகத்துல (ரெண்டு கையும் விரிச்ச நீளம்) அளந்து, ஜிபிஎஸ் புள்ளியோட எழுதணும். டிசம்பர்ல வைங்க.

ஏட்டுச்சுவடி: டிசம்பரா? ஒக்கிப் புயல் வந்தது 2017 நவம்பர் கடைசியில. பிள்ளைகளைக் கடலுக்கு அனுப்பச் சொல்லுறீங்க!

தூத்தூரான்: ஒக்கியை எங்களுக்குச் சொல்லித் தாறீரா? எங்க கரையில எத்தனை வீட்டுல ஆளு திரும்பலன்னு தெரியுமா? அப்ப ஜனவரி, பிப்ரவரி வைங்க.

ஏட்டுச்சுவடி: களப்பணி மட்டும் படிப்பு ஆகாது. 1949 வரை இது திருவிதாங்கூர், அப்புறம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி. மதிலகம் ஓலைகள் (பத்மநாபசுவாமி கோயில் ஆவணங்கள்) திருவனந்தபுரத்துல, டச்சு ஆவணங்கள் எழும்பூர்ல. வட்டெழுத்தும் மலையாளமும் தெரியாம 1741 குளச்சல் போரை எப்படிப் படிப்பான்?

நாஞ்சிலான்: டச்சு மொழி எங்கய்யா உம்ம திட்டத்துல? ஒரு தாள்கூட இல்ல. அந்தப் போர்ல திருவிதாங்கூர்கிட்ட பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் கல்லறையை உதயகிரிக்கோட்டையில போய்ப் பார்த்தா மட்டும் போதுமா?

ஏட்டுச்சுவடி: டச்சு ஒரு பருவத்துல வராது. மொழிபெயர்ப்பு போதும்.

நாஞ்சிலான்: மொழிபெயர்ப்பை வச்சு ஆவணத்தாள் நடத்துறதுக்கு அந்தத் தாளையே தூக்கிரலாம்.

குளச்சல்காரன்: பேச்சை மாத்தாதீங்க. ஜூன் 1ன்னு திருத்தியாச்சா? கிழக்குக்காரன் திட்டம் போட்டா மேற்கு எப்பவும் அடிக்குறிப்புதான்.

ஏட்டுச்சுவடி: நான் கிழக்கும் இல்ல மேற்கும் இல்ல. வள்ளத்துல ஏறுற மாணவனுக்கு மீனவர் அடையாள அட்டை கிடையாது. கடலோரக் காவல் மறிச்சா யார் பதில் சொல்லுவா? மிதவைச் சட்டை யார் வாங்குவா?

தூத்தூரான்: மீன்வளத்துறைக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும். பாடத்திட்டத்துல அதுக்கு ஒரு வரி உண்டா?

குளச்சல்காரன்: அனுமதியும் தேதியைப் போட்டுத்தான் கேக்கணும். மேற்குல ஜூன் 1.