டிவிஆரில் (கேமரா பதிவுப் பெட்டி) 4 நாள் பதிவுதான் நிக்குது, 30 நாள் வேணும். ராத்திரியில் இரண்டு கேமரா கட் ஆகுது

கடைவீதி:
வணக்கம். மளிகை மொத்தக் கடை. 8 சேனல் டிவிஆர், 2 மெகாபிக்சல் அனலாக் கேமரா 6: கல்லா 1, வாசல் 1, கடைக்குள் 2, பின்பக்கக் குடோனில் 2. ஹார்ட் டிஸ்க் 1 டிபி. வீடியோ சுருக்குற முறை எச்.264, 25 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 25 படம்), பிட்ரேட் (விநாடிக்கு எழுதுற தகவல் அளவு) சேனலுக்கு 4096 கேபிபிஎஸ், 24 மணி நேரமும் பதிவு. 4 நாளுக்கு முந்தினது எதுவும் கிடைக்கிறதில்லை. ஸ்டாக் மாசக் கடைசியில்தான் எண்ணுவோம், அதனால் 30 நாள் வேணும்.

குடோன் கேமரா ரெண்டும் ராத்திரியில் அடிக்கடி வீடியோ லாஸ் ஆகுது, பகலில் பிரச்சினையே இல்லை. 3+1 கேபிள் (வீடியோவும் பவரும் ஒரே உறைக்குள்), சுமார் 70 மீட்டர். ஆறுக்கும் சேர்த்து ஒரே 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை).

இன்னொண்ணு, கரண்ட் போய் வந்தா சில நேரம் டிவிஆர் பீப் அடிச்சு ஹார்ட் டிஸ்க் இல்லைன்னு காட்டுது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வந்துடுது. டிஸ்க் போயிடுச்சா?

பிட்ரேட்:
நாள் கணக்கை முதலில் முடிச்சிடலாம். 1 எம்பிபிஎஸ் (1000 கேபிபிஎஸ்) நாள் முழுக்க ஓடினா 10.8 ஜிபி. உங்களுக்கு 6 x 4 = 24 எம்பிபிஎஸ், அதாவது ஒரு நாளைக்கு 259 ஜிபி. 1 டிபி-யில் 4 நாள்கூட முழுசா நிக்காது. டிவிஆர் சரியாத்தான் வேலை செய்யுது.

இன்னும் நல்லா சுருக்குற எச்.265-க்கு மாத்துங்க. பிட்ரேட் டைப் விபிஆர் (காட்சிக்கு ஏத்தபடி ஏறி இறங்கும்), உச்சவரம்பு 2048, 15 எஃப்பிஎஸ். 6 x 2 = 12 எம்பிபிஎஸ், நாளைக்கு 130 ஜிபி. 4 டிபி போட்டா 30 நாள் மட்டுமட்டா வரும். விபிஆரில் ஆள் நடமாட்டம் இல்லாத ராத்திரி நேரம் குறைவாகவே எழுதும், அந்த மிச்சம் உங்களுக்கு இருப்பு. கல்லா கேமராவை மட்டும் 3072-க்குக் கீழே இறக்காதீங்க. கை வேகமா அசையும்போது பிட்ரேட் போதலைன்னா படம் கட்டம் கட்டமா உடையும், எந்த நோட்டுன்னே தெரியாது. கல்லாவுக்குக் கூடுற 1 எம்பிபிஎஸ்-ஐ ஈடுகட்ட கடைக்குள் இருக்கிற ரெண்டையும் 1536 ஆக்குங்க.

மோஷன் பதிவுக்கு (அசைவு இருந்தா மட்டும் பதிவு) போனா பாதி மிச்சமாகும்னு சொல்வாங்க. குடோனில் அதை நம்ப வேண்டாம். கேமராவோட ஐஆர் (இருட்டில் பார்க்க உதவுற அகச்சிவப்பு) வெளிச்சத்துக்கு பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி லென்ஸ் முன்னாடியே வலை கட்டும். காத்தில் அந்த ஒரு நூல் ஆடினாலும் வெள்ளைப் பட்டையா தெரிஞ்சு விடிய விடிய மோஷன் அடிக்கும்.

டிஸ்க் வாங்கும்போது டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி கண்காணிப்புக்குன்னே வர்றதை வாங்குங்க. சாதாரண கம்ப்யூட்டர் டிஸ்க் ஒரு கெட்ட செக்டார் (பழுதான இடம்) வந்தா அதையே திரும்பத் திரும்ப முயற்சி பண்ணிட்டு நிக்கும், அதுக்குள்ள பதிவில் ஓட்டை விழுந்துடும். உங்க மாடல் 4 டிபி ஏத்துக்குமான்னு டேட்டாஷீட்டில் பார்த்துடுங்க. போட்ட பிறகு 3726 ஜிபின்னுதான் காட்டும், பயப்படாதீங்க, எண்ணுற முறைதான் வேற.

கோஆக்ஸ்:
டிஸ்க் காணாமப் போறதுக்கு முதல் சந்தேகம் டிவிஆரோட அடாப்டர் மேலதான். டிஸ்க் சுழல ஆரம்பிக்கிற சில விநாடி 12 வோல்ட் லைனில் வழக்கத்தைவிட அதிக கரண்ட் இழுக்கும். பழைய அடாப்டரில் கெப்பாசிட்டர் காஞ்சிருந்தா அந்த நேரத்தில் வோல்டேஜ் விழுந்து டிஸ்க் எழும்பாது. புது 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் போட்டுப் பாருங்க. அப்புறமும் வந்தா டிஸ்க்கை போர்டோட இணைக்கிற சாட்டா கேபிளை மாத்துங்க. அதுக்கும் அடங்கலைன்னாதான் டிஸ்க்கைச் சந்தேகப்படணும். மெனுவில் ஸ்மார்ட் டெஸ்ட் (டிஸ்க் நலப் பரிசோதனை) இருந்தா ஓட்டுங்க.

குடோன் கேமரா விஷயம் வேற. எல்லா சேனலும் ஒரே நேரத்தில் விட்டுப்போனா டிவிஆர், எஸ்எம்பிஎஸ் பக்கம் பார்க்கணும், ஒண்ணு ரெண்டு மட்டும் போனா கேமரா பக்கம். ராத்திரி ஐஆர் எரியும்போது கேமரா இழுக்கிற கரண்ட் ஏறும், 70 மீட்டர் வயரில் வோல்டேஜ் இறங்கும். இருட்டும் வரை காத்திருக்க வேண்டாம். கேமரா முன்பக்கம் உள்ள லைட் சென்சாரைக் கையால் மூடுங்க, ஐஆர் எரியும். அப்போ கேமரா முனையில் டிசி பின்னில் மல்டிமீட்டர் வெச்சு அளந்து சொல்லுங்க. வயர் முழுச் செம்புதானான்னு நுனியை பிளேடால் சுரண்டியும் பாருங்க.

கடைவீதி:
எஸ்எம்பிஎஸ்-ல் 12.1 வோல்ட். குடோன் முனையில் ஐஆர் இல்லாம 11.0, ஐஆர் எரியும்போது 9.4. சுரண்டினா உள்ளே வெள்ளையா இருக்கு.

கோஆக்ஸ்:
செம்பு பூசின அலுமினியம். அதே தடிப்புச் செம்பைவிட மின்தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 2.7 வோல்ட் வழியிலேயே போயிடுது. எஸ்எம்பிஎஸ்-ல் இருக்கிற திருகை ஏத்தி 14 வோல்ட் ஆக்கச் சொல்வாங்க, செய்யாதீங்க. பக்கத்தில் இருக்கிற கல்லா கேமராவுக்கு அது முழுசா போய்ச் சேரும்.

குடோனிலேயே ஒரு பிளக் பாயிண்ட் எடுத்து ரெண்டு கேமராவுக்கும் தனித்தனி 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர் கொடுங்க. கேபிளில் பவர் வயரை ரெண்டு முனையிலும் கழட்டி டேப் சுத்திடுங்க, வீடியோ மட்டும் ஓடட்டும். அப்புறம் படத்தில் குறுக்குக் கோடு மேலே ஏறினா எர்த் வித்தியாசம். கேமரா உடம்பு இரும்புத் தூணைத் தொடாம ஒரு பிளாஸ்டிக் பெட்டி மேல மாட்டுங்க. அந்த அடாப்டரும் யுபிஎஸ் லைனில் இருக்கணும், இல்லைன்னா கரண்ட் கட்டில் குடோன்தான் முதல்ல இருட்டாகும்.

நேரமுத்திரை:
டிஸ்க் மாத்துற அன்னிக்கே மணியையும் பாருங்க. கரண்ட் போனா தேதி பழைய வருஷத்துக்கு ஓடுதுன்னா போர்டில் இருக்கிற சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கு. என்டிபி (இன்டர்நெட்டில் மணியைச் சரிபார்த்துக்கிறது) ஆன், நேர மண்டலம் +05:30.

திருட்டுப் புகார்னு போனா மானிட்டரை மொபைலில் படம் பிடிச்சுக் கொடுக்காதீங்க. டிவிஆரில் இருந்து மூல வடிவத்திலேயே பென்டிரைவில் எடுங்க; எடுக்கும்போது டிவிஆர் மணிக்கும் சரியான மணிக்கும் எவ்வளவு வித்தியாசம்னு எழுதி வைங்க. 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாட்சிய அதிநியமம் (சாட்சியச் சட்டம்) 63-வது பிரிவு நடப்பில் இருக்கு, அதன்படி தர்ற சான்றிதழில் ஃபைலோட ஹாஷ் மதிப்பும் (ஃபைல் மாறலைன்னு காட்டுற குறியீடு) கேட்பாங்க. அதனால் எடுத்த ஃபைலை வெட்டவோ வேற வடிவத்துக்கு மாத்தவோ கூடாது.

கடைவீதி:
பழைய 1 டிபி-யில் இந்த வாரப் பதிவு வேணும். கம்ப்யூட்டரில் மாட்டி காப்பி பண்ணிக்கலாமா?

நேரமுத்திரை:
முடியாது. அதன் ஃபைல் அமைப்பு விண்டோஸுக்குப் புரியாது, மாட்டினதும் ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேட்கும். ஓகே கொடுத்தா போச்சு. வேற டிவிஆரில் மாட்டினாலும் இதே ஆபத்துதான். கழட்டுறதுக்கு முன்னாடியே, அது இப்போ இருக்கிற டிவிஆரிலேயே தேவையான மணி நேரத்தை பென்டிரைவில் எடுத்துடுங்க. நாளைக்கு விட்டா ஓவர்ரைட் ஆகி முதல் நாள் போயிடும், இன்னிக்கே எடுங்க.