பத்தாம் வகுப்பு சமூக அறிவியல்: செயல்பாட்டுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி?

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. தூத்துக்குடி மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறேன்.

2019-20இல் வந்த புத்தகம் நல்ல புத்தகம்தான். ஒவ்வொரு பாடத்துக்கும் முன்னால் கற்றலின் நோக்கங்கள், கடைசியில் செயல்பாடுகள். ஆனால் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் ஒரே ஆசிரியர் முடிக்க வேண்டும். அறிவியலுக்கு 25 மதிப்பெண் செய்முறை இருக்கிறது. நமக்கு 100க்கு 100ம் எழுத்துத் தேர்வு. செயல்பாடு செய்தால் யார் மார்க் போடுவார்கள்?

கட்டபொம்மன் பாடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1799, கயத்தாறு, தூக்கு என்று எழுதினால் மார்க் வந்துவிடும். எங்கள் பிள்ளைகளோ, "எட்டயபுரம் ஏன் சார் கம்பெனி பக்கம் போச்சு?" என்று கேட்கிறார்கள். அதைப் பேச ஒரு பீரியட் முழுசாக வேண்டும். பேசினால் போர்ஷன் பின்தங்குகிறது, தலைமையாசிரியர் சிலிப் டெஸ்ட் மார்க்கைக் கேட்கிறார்.

இதைச் சமாளிப்பவர்கள் சொல்லுங்கள்: எந்தப் பாடங்களை வேகமாகக் கடக்கிறீர்கள்? விவாதத்தையே ஐந்து மதிப்பெண் விடையாக மாற்றும் பயிற்சித்தாள் யாரிடமாவது இருக்கிறதா? மெல்லக் கற்கும் மாணவர்களுக்கும் சரிப்பட்டு வர வேண்டும். காலாண்டுக்கு முன் கிடைத்தால் பெரிய உதவி.