துப்பறியும் விலங்குகள் வெளிநாட்டுக்கு லீவுக்குப் போன கதைகள்: உங்களை விடாத ஒரு கட்டம்?

திருப்பூர் அப்பா:
உக்கடம் பழைய புத்தகக் கடையில் வாங்கியது. அட்டை இல்லை, பேரும் தெரியாது. நாயும் அணிலும் சிங்கப்பூருக்கு லீவுக்குப் போக, ஓட்டலில் கிளியம்மாவின் மூக்குத்தி காணாமல் போகிறது. மீதி எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். கதவுப் பிடிக்கு அடியில் சூயிங்கம் ஒட்டியிருக்கிறது. அணில் தொட்டால் இன்னும் பிசுபிசுக்கிறது. அந்த இடத்தில் என் பொண்ணு கையை நீட்டிப் பக்கத்தை மறைத்துக்கொண்டாள். “அப்பா, சிங்கப்பூர்ல சூயிங்கம் விக்கக் கூடாதுன்னு மாமா சொன்னாருங்கல்ல? அப்பத் திருடன் அந்த ஊர்க்காரன் இல்லீங்க. வெளியில இருந்து வந்தவன்!” உடனே முன்பக்கங்களைப் புரட்டினாள். அன்று காலை விமானத்தில் வந்து இறங்கியது குரங்கு. தன் பெட்டியை யாரையும் தொட விடவில்லை. அவள் கண்ணைப் பார்த்திருக்க வேண்டும்! ஆனால் புத்தகத்தில் கடைசித் தாள்கள் இல்லை. குரங்குதானா என்று இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். யாராவது படித்திருந்தால் சொல்லுங்கள்.

கோபி டீச்சர்:
அதைப் படித்ததில்லை. எனக்கு ஆந்தைக் கதை. நார்வேயில் ட்ரோம்சோவுக்கு ஜூன் மாதம் லீவுக்குப் போகிறது ஆந்தை. படகில் மீன் திருட்டு. “இருட்டட்டும், பிடித்துவிடுகிறேன்” என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறது. அங்கே மே மூன்றாம் வாரத்திலிருந்து ஜூலை நான்காம் வாரம் வரை சூரியன் மறையவே மறையாது. வகுப்பே சிரித்தது. கடைசி பெஞ்சுப் பையன் மட்டும் சிரிக்கவில்லை. “டீச்சர், அப்ப ஆந்தை எப்பத்தாங்க தூங்கும்?” என்றான். ராத்திரி கரண்ட் வரும்போது அப்பாவோடு மஞ்சக்காட்டுக்குத் தண்ணி கட்டப் போகிறவன். அன்றைக்கும் கண் சிவந்துதான் இருந்தது. அதற்கு மேல் எனக்குக் கதை ஓடவில்லை.

பெருந்துறை:
எங்கள் வீட்டில் ஆந்தை என்றதுமே அப்பத்தா, “அது கத்துனா ஆகாது சாமி, அதையப் போயி எதுக்குப் போலீசாக்குனாங்க?” என்று கேட்டுவிட்டார். “அது கத்தறதில்லீங்க அப்பத்தா, விசாரிக்குது” என்றான் பையன். இப்போது வேப்பமரத்தில் ஆந்தை கத்தினால் அப்பத்தாவே, “என்னமோ விசாரிக்குது” என்கிறார்.

பொள்ளாச்சி தாத்தா:
திருப்பூர்க்காரருக்கு ஒரு வார்த்தை. அந்தத் துப்பு முழுசாக நிற்காது. 1992-ல் தடை வந்தது இறக்குமதிக்கும் விற்பனைக்கும்தான், மெல்லுவதற்கு இல்லை. 2004-லிருந்து மருத்துவ வகை சூயிங்கம் அங்கே மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. ஆக, உள்ளூர்க்காரனும் மென்றிருக்கலாம். குழந்தையிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

என் அனுபவம் சின்னதுதான். பழனி போகும் ரயிலில் பேரனுக்கு ஒரு நரிக் கதை படித்தேன். மூன்றாம் பக்கத்திலேயே, “தாத்தா, வாத்துதான் திருடன்” என்றான். எப்படி என்று கேட்டால், “வாத்துக்கு மட்டும் நீங்க கரகரன்னு பேசுறீங்க” என்கிறான்.

அதனால் சொல்கிறேன், குரலில் காட்டிக்கொடுக்காதீர்கள். திருடனுக்கும் நல்ல குரலே கொடுங்கள். துப்பு வரும் வரியில் அழுத்தமும் வேண்டாம், இடைவெளியும் வேண்டாம். மற்ற வரி போலவே தாண்டிப் போங்கள். பிள்ளை பின்னால் திரும்பிப் போய்த் தேடட்டும், அந்தத் தேடலில்தான் சுகமே. சந்தேகப்படும் ஆளின் பேரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள், ஏன் என்பதையும் சேர்த்து. தப்பாக எழுதினாலும் நடுவில் திருத்தாதீர்கள். தூங்கப் போகும் நேரத்தில் கடைசி அத்தியாயத்தைத் தொடவே தொடாதீர்கள். அப்புறம், வெளியூர்க் கதை என்றால் அந்த ஊரைப் பற்றி முன்கூட்டியே ரெண்டு விஷயம் பேசிவிடுங்கள். மாமா சொல்லியிருந்ததால்தானே உங்கள் பொண்ணுக்கு அது துப்பாகத் தெரிந்தது?

திருப்பூர் அப்பா:
ஐயா, நான் கேட்டது முடிவை மட்டும்தான். ஆனாலும் மருந்துக்கடை விஷயத்தை ராத்திரி அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். அப்புறம் எழுந்து போய்ப் புத்தகத்தை எடுத்து, ஓட்டல் டாக்டர் ஆமை வரும் பக்கத்தைக் காட்டினாள். அதன் மருந்துப் பெட்டியைக் கதையில் யாருமே திறந்து பார்க்கவில்லையாம். இப்போது சந்தேகம் ரெண்டு பேர் மேல். புத்தகம் முழுசாக வைத்திருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்: குரங்கா, ஆமையா?