பழைய கிளாரினெட்டைத் துடைப்பது, பராமரிப்பது: நம்ம குமரி மாவட்டத்துக்காரர்களின் அனுபவம்

குளச்சலிலிருந்து

திருவிழா பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கிறேன். கூட்டாளிகளின் கருவிகளைப் பிரித்துத் துடைத்து மாட்டிக் கொடுப்பதும் நான்தான். அண்மையில் ஒரு பையன் தாத்தா வாசித்த கிளாரினெட்டைப் பெட்டியோடு கொண்டுவந்து, "அண்ணா, ஊதினா காத்துதான் வருது, சத்தம் வரல" என்றான்.

மேல் துண்டின் துளைகளை விரலால் அடைத்து, கீழ் முனையை உள்ளங்கையால் பொத்தி, மேலே வாய் வைத்து உறிஞ்சினால் காற்று கசியாமல் பிடித்து நிற்க வேண்டும். இதில் நிற்கவே இல்லை. கீ என்கிற உலோக நெம்புகளின் அடியில் துளையை மூடும் மெத்தைதான் பேடு. அந்தப் பேடுகளின் மேலே இருக்கும் மெல்லிய சவ்வு நனைந்து காய்ந்து நனைந்து காய்ந்து கிழிந்திருந்தது. கீயைத் தூக்கி நிறுத்தும் ஊசி ஸ்பிரிங் எஃகு, அது உப்புக் காற்றில் துருவேறி, தொட்டதும் ஒடிந்தது. அந்த வீட்டார் கருவியைக் கவனிக்காமல் விட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்கு மனசு கஷ்டமாகப் போனது. பித்தளைப் பாலிஷ் போட்டுக் கீயெல்லாம் பளபளவென்று தேய்த்திருக்கிறார்கள், மரத்துக்குத் தேங்காயெண்ணெய் தடவியிருக்கிறார்கள். பாலிஷ் கீயின் அச்சுக்குள் போய் இறுகிவிட்டது, எண்ணெய் பேடில் ஊறித் தூசியைப் பிடித்துவிட்டது.

நம்ம ஊருக்கு ஆனி ஆடியிலும் மழை, ஐப்பசி கார்த்திகையிலும் மழை. கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா டிசம்பர் 3 வரை நடக்கும், அதுவே மழை நேரம்தான். அதனால் நான் சொல்வது ஒன்றுதான்: ஈரத்தை எடுங்கள், மற்றதெல்லாம் அதற்கப்புறம். வாசித்து முடித்த கையோடு ரீடைக் (ஊதும்போது அதிரும் நாணல் தகடு) கழற்றித் துடைத்து அதன் கூட்டில் வையுங்கள், வாய் வைத்து ஊதும் மவுத்பீஸிலேயே விட்டால் பூஞ்சை வரும். பிறகு துண்டு துண்டாகப் பிரித்து, கயிறு கட்டிய, நூல் உதிராத பருத்தித் துணியை உள்ளே விட்டு இழுக்க வேண்டும். மேல் துண்டுக்குள், மேல் ஸ்தாயிக்கு மாற்றும் ரெஜிஸ்டர் கீயின் சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும், துணி சுருண்டு போனால் அதில் சிக்கும். நன்றாக விரித்துவிட்டு மெதுவாக இழுங்கள், சிக்கினால் பலம் போடாமல் வந்த வழியே திரும்ப எடுங்கள். துண்டுகள் ஒன்றோடொன்று மாட்டும் இடத்திலும் தண்ணீர் நிற்கும், அதைப் பலர் துடைப்பதே இல்லை. கீயில் கைவியர்வையை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். துடைத்த ஈரத் துணியை மட்டும் அதே பெட்டிக்குள் சுருட்டி வைக்காதீர்கள்!

தக்கலையிலிருந்து

எங்கள் சபைப் பாடகர் குழுவில் ஒரு தம்பி, கிருமி போகட்டும் என்று மவுத்பீஸைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டான். கறுப்பாக இருந்தது பச்சையும் பழுப்புமாக மாறி, கந்தக நாற்றம் வேறு. ரப்பர் நாட்டுக்காரர்களுக்குச் சொல்லவா வேண்டும், மவுத்பீஸ் செய்யும் எபோனைட் என்பதே நிறையக் கந்தகம் சேர்த்து இறுக்கிய ரப்பர்தான், சூடு ஆகவே ஆகாது. வளைந்துவிட்டால் அப்புறம் ரீடு சரியாக உட்காராது. பச்சைத் தண்ணீர், துளி சோப்பு, விரலால் தேய்த்தல், இவ்வளவு போதும். வெள்ளையாகக் காறை பிடித்திருந்தால் தண்ணீர் கலந்த வினிகரில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் அதன்மேல் வைத்து எடுத்துக் கழுவுங்கள். மவுத்பீஸைத்தான் கழுவலாம், மரத் துண்டுகளைத் தண்ணீரில் காட்டவே கூடாது.

குலசேகரத்திலிருந்து

எனக்கு மழைக்காலத்தில் வருவது வேறு தொல்லை. மரம் உப்பி, பேரலும் (மவுத்பீஸுக்கு அடுத்து வரும் குட்டித் துண்டு) மேல் துண்டும் பிரியாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை நான் கீயோடு சேர்த்துப் பிடித்து முறுக்கப் போனேன், பக்கத்தில் வாசித்துக்கொண்டிருந்த பெரியவர் "மக்கா, முறுக்காத, கீ வளஞ்சிரும்" என்று வாங்கி, உலர்ந்த அறையில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் லேசாக ஆட்டிக் கழற்றிக் கொடுத்தார். இந்த மரம் ஆப்பிரிக்கக் கருமரம், தான்சானியா, மொசாம்பிக் பக்கத்துக்காரன், கல்போலக் கடினம். ஆனாலும் உள்ளே ஈரமாகவும் வெளியே உலர்ந்தும் இருந்தால் மேல் துண்டில் விரிசல் விடும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுப் போவது அதனால்தான் ஆபத்து. தேர்ப் பவனிக்கு பிளாஸ்டிக் கிளாரினெட் எடுத்துப் போவதை நான் கௌரவக் குறைவாக நினைக்கவில்லை, மரக் கருவி கோயிலுக்குள்ளே வாசிக்க இருக்கட்டும். துண்டுகள் மாட்டும் இடத்துக் கார்க்கு தேய்ந்து ஆடினால் நூல் சுற்றி அந்த ராத்திரியை ஒப்பேற்றலாம், ஆனால் அப்படியே வருஷக்கணக்கில் விடாமல் புதுக் கார்க்கு ஒட்டிவிடுங்கள்.

குளச்சல், மறுபடியும்

பேடு ஒட்டிக்கொண்டு "டப் டப்" என்று சத்தம் வருகிறது, பவுடர் போடலாமா என்று ஒருவர் தனியாகக் கேட்டார். வேண்டாம், பவுடர் கட்டியாகிவிடும். சிகரெட் சுற்றும் தாளின் பசையில்லாத பகுதியைப் பேடுக்கும் துளைக்கும் நடுவே வைத்துக் கீயை மெதுவாக அழுத்துங்கள், ஈரம் தாளுக்கு வந்துவிடும். கீயைத் திறந்த பிறகு தாளை எடுங்கள், மூடியிருக்கும்போது உருவினால் சவ்வு கிழியும்.