மலேரியா தடுப்பூசிச் சோதனை: கை நீட்டியவர்களும் ரத்தம் பிரித்தவர்களும்

கைநீட்டி:
இங்கிலாந்தில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது தன்னார்வலராகப் போனேன். அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. காகிதக் கோப்பையில் 5 கொசு, மேலே வலை. அதன்மேல் முன்கையை வைக்கச் சொன்னார்கள். அனாஃபிலஸ் ஸ்டீபன்சி, சென்னையில் மொட்டைமாடித் தொட்டியில் வளரும் அதே ஜாதி! ஊரில் ஓசியில் வாங்கிய கடியை இங்கே கையெழுத்துப் போட்டு வாங்கினேன். கடித்து முடித்ததும் கொசுக்களை அறுத்து, உமிழ்நீர்ச் சுரப்பியில் மலேரியா ஒட்டுண்ணி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றில் இல்லை, இன்னொன்று வந்தது. ஒட்டுண்ணி கல்லீரலில் ஒரு வாரம் பதுங்கும். அதன்பிறகு காலையும் மாலையும் ரத்தம் எடுத்தார்கள். நான் தடுப்பூசி போடாத கன்ட்ரோல் குழு. 11-ஆம் நாள் பி.சி.ஆரில் மாட்டினேன். மாத்திரை, இரண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

பிபெட்_ராணி:
நான் ட்யூபுக்கு அந்தப் பக்கம். வேறு ஊர், வேறு சோதனை. ரத்தத்தை சென்ட்ரிஃப்யூஜில் சுற்றினால் அடியில் சிவப்பு, மேலே மஞ்சள் பிளாஸ்மா, நடுவே பாலாடை மாதிரி மெல்லிசாய் ஒரு வெள்ளை வளையம். நோயோடு சண்டை போடும் வெள்ளணுக்கள் அங்கேதான். எங்களுக்கு வேண்டியது அதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சணும்.

அடுத்தது எலிஸ்பாட், அதாவது ஒட்டுண்ணியை அடையாளம் காணும் செல்களைப் புள்ளியாக எண்ணும் சோதனை. 96 குழித் தட்டில் அந்தச் செல்களைப் போட்டு, ஒட்டுண்ணிப் புரதத் துண்டுகளைக் காட்டி, ராத்திரி முழுக்க இன்குபேட்டரில் வைப்போம். அடையாளம் கண்டுகொண்ட டி செல் (வெள்ளணுவில் ஒரு வகை) காமா இன்டர்ஃபெரான் என்ற சமிக்ஞைப் புரதத்தைச் சுரக்கும். சுரந்த இடத்தில் ஒரு புள்ளி விழும். ஒருநாள் பார்த்தால், எதையுமே காட்டாத, புள்ளியே விழக்கூடாத குழிகளிலும் அம்மை போட்ட மாதிரி புள்ளி. தட்டு முழுக்கக் குப்பை. 28-ஆம் நாள் ரத்தம் அது, மறுபடி கேட்க முடியாது. நைட்ரஜனில் உறைய வைத்த மிச்சம் இருந்ததால் பிழைத்தேன். ஆனால் உறைந்து எழுந்த செல்களுக்கு அந்தச் சுறுசுறுப்பு இருக்காது.

எலிசாக்காரன்:
டி செல் ஆட்கள் புலம்பாத நாளே இல்லை :) எனக்கு சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர், போதும். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் பரிந்துரைத்த ஆர்டிஎஸ்,எஸ், 2023-இல் பரிந்துரைத்த ஆர்21 என்ற இரண்டு மலேரியா தடுப்பூசிகளும் குறிவைப்பது ஒட்டுண்ணியின் மேலுறைப் புரதத்தை. அதற்கெதிராக உடம்பு உண்டாக்கும் ஆன்டிபாடியை எலிசா என்ற சோதனையில் அளப்பேன். மூன்றாம் டோஸுக்குப் பிறகு எகிறும், வருடத்துக்குள் சரியும். அதனால்தான் நான்காவது டோஸ். அளவு கூடினால் பொதுவாகப் பாதுகாப்பும் கூடும். ஆனால் 'இவ்வளவு இருந்தால் போதும்' என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட எண் கிடையாது. என் பட்டியலில் உச்சத்தில் இருந்தவருக்கு ஒட்டுண்ணி வந்துவிட்டது. சந்தேகப்பட்டு சோதனையை மூன்று தடவை ஓட்டினேன். அதே எண்.

கைநீட்டி:
அப்போ என் செல்லும் யாரோ ஒருத்தர் தட்டில் கிடந்திருக்கும்?

பிபெட்_ராணி:
கன்ட்ரோல்தானே? கடிபடுவதற்கு முன் உங்கள் குழி புள்ளி இல்லாமல் காலியாக இருந்திருக்கணும். இல்லாவிட்டால் அங்கே உங்களுக்கும் வசவு விழுந்திருக்கும்.