ஆஃப்ரோடு ஓட்டத்தில் திரளும் பணத்தை மருத்துவ உதவிக்குச் சேர்ப்பது எப்படி?

செம்மண் தடம் (காரைக்குடி):
அனைவருக்கும் வணக்கம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் தார், ஜிம்னி, பழைய ஜிப்சி போன்ற ஜீப் வகை வண்டிகளை வைத்திருக்கும் நண்பர்கள் சிலர் விடுமுறை நாட்களில் சேர்ந்து, சாலையில்லாத கரடுமுரடான தடங்களில் (ஆஃப்ரோடு) வண்டி ஓட்டி வருகிறோம். வரும் மாசியில் ஒரு நாள் ஓட்டத்தை வெளியூர்க்காரர்களுக்கும் திறந்துவிட்டு, வண்டிக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கி, செலவு போக மிஞ்சுவதைப் புற்றுநோய், சிறுநீரகச் சிகிச்சைக்கு உதவும் அறக்கட்டளைகளுக்குக் கொடுக்கலாம் என்று பேசியிருக்கிறோம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள உறவினர்களும் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். அதை யார் கணக்கில் வாங்குவது? தடத்தை எங்கே அமைப்பது? நீர் வற்றிய கண்மாய் உள்வாய் (கரைக்கு உள்ளே நீர் தேங்கும் பகுதி) பொருத்தமாக இருக்கும் என்று எங்களில் சிலர் நினைக்கிறார்கள்.

கலுங்கடி (திருப்பத்தூர்):
தம்பி, கண்மாயை விட்டுவிடுங்கள். உள்வாய் மேலே காய்ந்து வெடித்திருந்தாலும் அடியில் கரம்பைக் களிமண் ஈரமாகவே இருக்கும். வண்டி அச்சு வரை இறங்கிவிட்டால் இழுக்கப் போகிற வண்டியும் சேர்ந்து புதையும். அதைவிடப் பெரிய கேடு கரையில் ஏறி இறங்குவது. டயர் பதிந்த பள்ளத்தில்தான் ஐப்பசி மழையின் தண்ணீர் முதலில் ஓடும், அங்கேதான் கரை அரிக்கும். பிறகு ஊரில் யாரும் உங்களை மருத்துவ நிதி திரட்டியவர்களாக நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற வேட்டங்குடிப் பக்கம் போகவே வேண்டாம்.

தைலமரம் வெட்டிய பட்டா நிலம் கிடைத்தால் அதுவே நல்லது. ஆனால் இங்கே தைலமரக் காடுகளில் பல வனத்துறைக்கு உரியவை என்பதால், பட்டாவைக் கண்ணால் பார்த்து, உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். பழைய கிராவல் குழிகளின் விளிம்பு சரியும், ஆகவே அவற்றைச் சுற்றிக் கயிறு கட்டிவிடுங்கள். நேரம் குறித்துப் பரிசு கொடுக்கும் போட்டியாக இதை ஆக்காதீர்கள். சொந்த வாகனக் காப்பீட்டில் பந்தயமும் வேகச் சோதனையும் பொதுவாக விலக்கப்பட்டிருக்கும். புதைந்த வண்டியை இழுக்கும்போது கயிற்றை டோ பாலில் (டிரெய்லர் மாட்ட வண்டியின் பின்னால் இருக்கும் இரும்பு உருண்டையில்) மாட்டவே கூடாது. அது முறிந்தால் குண்டு போலப் பாயும், வேடிக்கை பார்க்க முதலில் முன்னே வந்து நிற்பவர்கள் பிள்ளைகள்.

பேரேடு (தேவகோட்டை):
பணத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். உங்கள் குழு பதிவு பெற்ற அமைப்பு இல்லையென்றால், நன்கொடையை யாருடைய சொந்தக் கணக்கிலும் வாங்க வேண்டாம். ஓட்டக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. சாப்பாடு, டி-ஷர்ட், தட ஏற்பாடு ஆகியவற்றுக்கு வாங்கும் கட்டணத்தைக் குழு வைத்துக்கொண்டு கணக்குக் காட்டட்டும். நன்கொடையை ஒவ்வொருவரும் அறக்கட்டளையின் வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பி, தங்கள் பெயரிலேயே ரசீது பெறட்டும். 80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய வரிச்சலுகை, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்காது. புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் கிடைக்காது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பின்னால் மனத்தாங்கல் வராது.

வெளிநாட்டுப் பணத்தில்தான் சிக்கல் இருக்கிறது. இந்தியக் குடியுரிமையோடு அங்கே வேலை பார்ப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் நம் பக்கத்துக் குடும்பங்களில் தலைமுறைகளாக மலேசியக் குடிமக்களாக இருப்பவர்கள் ஏராளம். பூர்வீகம் கண்டனூரே ஆனாலும், 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி அவர்கள் தருவது வெளிநாட்டு நன்கொடைதான். அதைப் பெற அறக்கட்டளைக்குத் தனிப் பதிவு வேண்டும். பணமும் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் அதற்கென வைத்திருக்கும் கணக்கில்தான் வந்து சேர வேண்டும். உறவினர் என்ற பெயரில் உங்கள் கணக்குக்கு வரவழைத்து மாற்றிவிடுவது முறையன்று.

கானாடுகாத்தான் ஆச்சி:
யாருக்குக் கொடுப்பது என்பதை ஒருவரும் பேசவில்லையே! முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கிறது. கையைக் கடிப்பது மற்றச் செலவு. டயாலிசிஸ் செய்துகொள்பவர் வாரத்தில் இரண்டு மூன்று முறை போயாக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். உள்கிராமத்திலிருந்து விடியற்காலையில் ஆட்டோ பிடித்து, பேருந்து மாறிப் போய், சோர்ந்து திரும்பும் அவரோடு துணைக்குப் போகிறவருக்கும் அன்றைய கூலி போய்விடுகிறது. கடைசியில் பல வீடுகளில் வாரம் இரண்டு முறை என்பது ஒன்றாகிவிடுகிறது. ஆகவே பயணப்படியும் துணையாளுக்குச் சாப்பாடும் தருகிற அறக்கட்டளையாகப் பார்த்துக் கொடுங்கள். இன்னொன்று, உங்களிடம் வண்டிகள் இருக்கின்றன. மாதத்தில் சில நாட்கள் அவற்றை இதற்கே ஓட்டலாமே?

செம்மண் தடம்:
ஆச்சி, தாங்கள் சொன்ன கோணத்தில் நாங்கள் யோசிக்கவே இல்லை. மழைக்காலத்தில் சேறாகும் ஊர்ப் பாதைகளுக்கு எங்கள் வண்டிகள் உதவும். முறை போட்டு ஓட்டுவது பற்றி நண்பர்களிடம் கேட்கிறேன். அண்ணன் சொன்னபடி கண்மாய்த் தடத்தைக் கைவிடுகிறோம். மலேசிய உறவினர்களுக்குப் பேரேடு ஐயாவின் விளக்கத்தை அனுப்பிவிட்டேன். இப்போது தேவைப்படுவது நிலம்தான்: தார்ச்சாலையை ஒட்டி, ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்பக்கூடிய பட்டா நிலம் யாரிடமாவது இருந்தால் தனிச்செய்தியில் தெரிவியுங்கள்.